யோசனைப் பெட்டியை யார் திறப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழிலில் புதுமை என்று பேச்சு எழும்போதெல்லாம் செயலிகளும் முதலீட்டாளர் மாநாடுகளும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. கோவை, ஓசூர், அம்பத்தூர் பகுதிகளில் பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வைத்து நடக்கும் பட்டறைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பம்புக்கு ஷாஃப்ட் கடைபவர்கள், வால்வுக்கு பாடி வார்ப்பவர்கள், வாகன உதிரிபாகங்களுக்கு துளை போடுபவர்கள் ஆகியோரின் வேலை நேரத்தில் தினமும் நூறு சின்ன யோசனைகள் பிறக்கின்றன. பெரும்பாலானவை அன்றே செத்துவிடுகின்றன. அதற்கான காரணங்கள் தெளிவானவை, சரிசெய்யக் கூடியவை என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோவைக்கு இது புதிய விஷயம் அல்ல. 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கிய ஊர் இது. 1955-ல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்து வெட் கிரைண்டராக்கினார். இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள். அவர்கள் கழற்றிப் பார்க்கவும் மாற்றிப் பார்க்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கும் ஆபரேட்டருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அதை அவருக்குச் சட்டென்று முழுதாகக் கொடுத்துவிடவும் முடியாது. கெட்டுப்போனால் அனுப்பிய தொகுப்பு (லாட்) முழுவதும் திரும்பி வரும். ஆகவே யோசனை சொல்வதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும்.

பல கம்பெனிகளில் அந்த முறை, கேட்டுக்குப் பக்கத்தில் பூட்டு போட்டுத் தொங்கும் ஒரு தகரப் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. பெட்டி என்பதே தவறான எண்ணம் அல்ல. 1721-ல் ஜப்பானின் எடோ நகரில் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) யோஷிமுனே குடிமக்களுக்காக ஒரு பெட்டி வைத்தார். எழுதிப் போடுகிறவர் பெயரும் முகவரியும் குறிப்பிட வேண்டும். பெட்டி ஷோகனின் முன்னிலையிலேயே திறக்கப்பட்டது. ஏழைகளுக்கு இலவச மருத்துவமனை வேண்டும் என்று ஒரு மருத்துவர் எழுதிப் போட்டார். 1722-லேயே கோயிஷிகாவாவில் அது தொடங்கப்பட்டுவிட்டது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரே பெட்டியைத் திறந்ததும், ஒரு வருடத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் பலன் வந்ததும்தான் அதன் உயிர். 1880-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி கப்பல் கட்டும் தளம் தொழிலாளர் யோசனைகளுக்குப் பரிசுத் திட்டம் வைத்தது. டொயோட்டா 1951-ல் தன் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையில் பார்த்ததை வைத்தே தொடங்கியது. நம் பக்கத்திலேயே, சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவில் முதலாவதாக வென்றது. பெரிய கம்பெனிக்குத்தான் இதெல்லாம் ஒத்துவரும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளி தினமும் மெஷினைச் சுற்றி வருகிறார். பெரிய ஆலையில் மூன்று மாதம் ஆகும் முடிவை இங்கே மூன்று நாளில் எடுத்துவிடலாம்.

முதலில் படிவம். அரை ஏ4 தாள் போதும். அதில் நாலே கேள்விகள்: எந்த மெஷினில் எந்த ஜாப் (வேலை), இப்போது என்ன சிரமம், என்ன மாற்ற வேண்டும், மாற்றினால் எது கெடலாம். கீழே பாதி இடம் வெறுமையாக இருக்கட்டும், படம் வரைய. பல ஆபரேட்டர்களுக்கு வரைவது எளிது, எழுதுவது கடினம். நாலாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியமானது, சொன்னவரையே அதன் ஆபத்தையும் யோசிக்க வைக்கிறது. ‘எவ்வளவு ரூபாய் மிச்சம்’ என்ற கேள்வியைத் தொழிலாளியிடம் கேட்கவே கூடாது. அவருக்கு மெஷின் மணிக்கணக்கு விகிதம் (மெஷின் ஒரு மணி நேரம் ஓடுவதன் ரூபாய்க் கணக்கு) தெரியாது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே தாளை மடித்து வைத்துவிடுவார். அந்தக் கணக்கு சூப்பர்வைசரின் வேலை.

அடுத்தது பதில். தாள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் மூன்றில் ஒரு பதில்: செய்வோம், இந்தத் தேதியில் சோதிப்போம், செய்ய முடியாது - காரணம் இது. காரணத்தை நேரில், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லைத் தடைசெய்துவிடலாம் என்பது என் கருத்து. முடியாது என்று காரணத்தோடு சொன்னால் அதே ஆள் அடுத்த மாதம் இன்னும் நல்ல யோசனையோடு வருவார். பதிலே இல்லாமல் இரண்டு முறை போனால் அவர் மூன்றாவது முறை வரமாட்டார். பக்கத்து மெஷின்காரரையும் வரவிடமாட்டார். நிலுவையில் உள்ள தாள்களின் எண்ணிக்கையை ஷாப் ஃப்ளோர் போர்டில் எழுதி வையுங்கள். வந்த யோசனைகளின் எண்ணிக்கையைவிட, பதில் சொல்லாமல் கிடக்கும் யோசனைகளின் எண்ணிக்கைதான் திட்டத்தின் உடல்நிலையைக் காட்டும்.

சோதனைக்குப் பணமும் மெஷின் நேரமும் ஒதுக்காமல் யோசனை கேட்பது வீண். சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் ஒரு யோசனைக்கு 2,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரு எம்.எஸ். பிளேட், நாலு போல்ட், கொஞ்சம் வெல்டிங், ஒரு ஸ்பிரிங்: பெரும்பாலான ஃபிக்ஸ்ச்சர் (பீஸைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) மாற்றங்கள் அதற்குள் முடிந்துவிடும். நேரத்தைப் பொறுத்தவரை வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். புதிய சோதனையை மாத முதல் வாரத்தில் தொடங்குவதே நல்லது. கடைசி வாரத்தில் டிஸ்பேட்ச் நெருக்கடியில் எந்தச் சோதனையும் நடக்காது. ‘இந்த மாதம் முடியட்டும்’ என்பது பன்னிரண்டு மாதமும் சொல்லப்படும்.

சோதிக்கும் விதத்திலும் தவறுகள் நேர்கின்றன. மாற்றுவதற்கு முன் மூன்று நாள் பழைய நிலையை அளந்து எழுத வேண்டும்: ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி, ஒரு இன்சர்ட் (மாற்றக்கூடிய வெட்டும் பிட்) முனைக்கு எத்தனை பீஸ், ரிஜெக்‌ஷன் எத்தனை. இது இல்லாவிட்டால் பிறகு எல்லாமே ‘முன்னைக்கு இப்போ பரவாயில்லை’ என்ற வாய்ப்பேச்சாகப் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஃபீடையும் (டூல் நகரும் வேகம்) கூலன்ட் பைப்பின் கோணத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று கடைசிவரை தெரியாது. ஐந்து பீஸ் எடுத்துப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. தொடர்ச்சியாக முப்பது பீஸாவது ஓட்ட வேண்டும், ஏனென்றால் டூல் தேய்மானமும் மெஷின் சூடேறுவதும் முதல் ஐந்தில் தெரியாது. யோசனை சொன்னவர் மட்டுமே ஓட்டிப் பார்க்கவும் கூடாது. தன் யோசனை வெல்ல வேண்டும் என்ற ஆர்வத்தில் அவர் கை கூடுதல் கவனத்தோடு வேலை செய்யும். நைட் ஷிஃப்டில் இன்னொருவர் ஓட்டியும் அதே பலன் வந்தால்தான் அது முறையாகிவிட்டது என்று அர்த்தம். தோற்றுப்போன சோதனையையும் அதே தாளில் இரண்டு வரி எழுதிக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர் அதே யோசனையோடு வருவார். எங்கே தட்டியது என்று காட்டினால் அவர் அங்கிருந்து தொடங்குவார்.

எங்கே தேட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது செட்டிங் நேரத்தை, அதாவது ஒரு ஜாபிலிருந்து அடுத்ததுக்கு மெஷினை மாற்றி அமைக்கும் நேரத்தை. 1969-ல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் டை (அச்சு) மாற்ற நாலு மணி நேரம் ஆனது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் ஒன்றரை மணி நேரமாக்கி, பிறகு மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். மெஷின் நின்ற பிறகே செய்ய முடிந்த வேலை எது, மெஷின் ஓடும்போதே முடித்து வைக்கக் கூடிய வேலை எது என்று பிரித்ததுதான் அடிப்படை. ஒரு சி.என்.சி. லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) இதைப் பொருத்திப் பாருங்கள். அடுத்த ஜாபின் டிராயிங், மெட்டீரியல், டூல், கேஜ் (அளவு பார்க்கும் கருவி), சாஃப்ட் ஜா (பீஸைக் கவ்வும் தாடை) எல்லாம் கடைசி பீஸ் ஓடி முடிவதற்கு முன்பே ஒரு டிராலியில் வந்து நிற்க வேண்டும். ஜாக்களுக்கு 1, 2, 3 என்று எண் பொறித்து, சக்கில் (ஜாக்கள் பொருந்திச் சுழலும் பகுதி) எந்தப் பல்லில் உட்கார்ந்தது என்பதையும் குறித்து வைத்தால் அடுத்த முறை மிக லேசாக ஒரு கட் எடுத்தாலே போதும். குறிப்பு இல்லாவிட்டால் ஜாவின் உள்பக்கத்தை மறுபடி முழுதாகக் கடைய வேண்டும், ஜாவின் ஆயுளும் குறையும். ஆலன் கீயைத் தேடி நடப்பதை ஒரு நாள் கைக்கடிகாரம் வைத்து அளந்து பார்த்தாலே பலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

கணக்கையும் போடுவோம். ஒரு செட்டிங் 45 நிமிடம், ஒரு நாளைக்கு நாலு என்றால் மூன்று மணி நேரம். அதை 25 நிமிடமாக்கினால் நாளுக்கு 80 நிமிடம் மிச்சம். மெஷின் விகிதம் மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 533 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 13,300 ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த 80 நிமிடத்தில் ஓட்ட ஆர்டர் இருந்தால்தான் இது பணம். ஆர்டர் இல்லாவிட்டால் மிச்சமானது நேரம் மட்டுமே. அதை ரூபாயாகக் காட்டி அறிக்கை எழுதுவது முதலாளியையும் ஏமாற்றும், தொழிலாளியையும் ஏமாற்றும். அந்த நேரத்தைச் சிறிய லாட்களாக ஓட்டி ஸ்டாக்கைக் குறைக்கவோ, மெஷின் பராமரிப்புக்கோ பயன்படுத்தலாம்.

இந்த டிராலி முறை இரண்டே வாரத்தில் சீரழிவதும் உண்டு. டிராலியில் இருந்த ஸ்பேனர் வேறு மெஷினுக்குப் போகும், காலியான இடத்தில் தேய்ந்த இன்சர்ட்டும் டீ கிளாஸும் வந்து உட்காரும். ஒவ்வொரு கருவியின் வடிவத்துக்கும் ஃபோம் ஷீட்டில் குழி வெட்டி வைத்தால் எது இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும். செலவு சில நூறு ரூபாய்தான்.

மறதியால் வரும் தவறுகளில் யோசனைக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. 1961-ல் ஜப்பானின் யமடா எலக்ட்ரிக் ஆலையில் சின்ன ஸ்விட்ச் ஒன்றில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். அடிக்கடி ஒன்றை விட்டுவிட்டார்கள். கவனம், கவனம் என்று சொல்லிப் பயனில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கும்படி மாற்றினார்கள். தட்டில் மிச்சம் இருந்தால் விட்டது தெரிந்துவிடும். செலவு ஒரு தட்டு. நம் டிரில்லிங் பிரிவில் பீஸைத் திருப்பி மாட்டித் துளை போடும் தவறு ரொம்பச் சாதாரணம். ஃபிக்ஸ்ச்சரில் ஒரு பின்னை மையத்திலிருந்து சற்று விலக்கி வைத்தால் தலைகீழாக உட்காரவே உட்காராது. ஆபரேட்டருக்கு மெமோ கொடுப்பதைவிட அந்தப் பின் மலிவு, நிலைத்தும் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. வாகன உதிரிபாகம் செய்பவர்கள் எல்லா யோசனையையும் தாங்களே செயல்படுத்திவிடக் கூடாது. மெட்டீரியல், ஹீட் ட்ரீட்மென்ட், பூச்சு, பீஸின் அளவைத் தீர்மானிக்கும் ஆபரேஷன்களின் வரிசை ஆகியவற்றில் கை வைத்தால் வாங்கும் கம்பெனியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த மாற்றமே லாட் முழுவதும் நிராகரிக்கப்படக் காரணமாகிவிடும். தாள் வந்ததும் அதன் மூலையில் ‘பீஸைத் தொடுகிறது’, ‘தொடவில்லை’ என்று ஒரு குறி போட்டுவிட்டால் குழப்பமில்லை. எடுத்து வைப்பது, நகர்த்துவது, தேடுவது, துடைப்பது, எண்ணுவது எல்லாம் இரண்டாவது வகை. அங்கே தாராளமாகச் சோதிக்கலாம்.

இப்போது பலரும் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். முடித்த பீஸின் எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் இருக்கும் இடத்தில் யோசனை வெளியே வராது. ஒரு தொழிலாளி, பர் (விளிம்புப் பிசிறு) எடுக்க ஒரு புதிய வழி கண்டுபிடித்து நாளுக்கு 300 பீஸ் முடிக்கும் இடத்தில் 400 முடிக்கிறார் என்று வையுங்கள். அடுத்த மாதமே ரேட் குறைக்கப்படுகிறது. அவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் அன்றைக்கே ஒரு பாடம் கற்கிறார்கள்: தெரிந்ததை மறைத்து வை. தன் சொந்தச் செலவில் செய்த சின்ன டூலைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஆட்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. அது அவர்களுடைய பாதுகாப்பு. நிர்வாகம்தான் முதலில் வாக்குக் கொடுக்க வேண்டும்: தொழிலாளியின் யோசனையால் உற்பத்தி கூடினால் ஒரு வருடத்துக்கு ரேட்டைத் தொடமாட்டோம், யாரையும் வேலையை விட்டு நிறுத்தமாட்டோம். இதை எழுத்தில் போர்டில் ஒட்ட வேண்டும். ஒரு முறை மீறினால் மொத்தத் திட்டமும் போய்விடும், திரும்ப நம்பிக்கை வர ஆண்டுகள் ஆகும்.

பரிசைப் பொறுத்தவரை, செயல்படுத்திய ஒவ்வொரு யோசனைக்கும் சின்னதாக ஒரே தொகை, அதுவும் அந்த வாரச் சம்பளத்தோடேயே, என்பதே என் பரிந்துரை. சேமிப்பில் இத்தனை சதவீதம் என்று பெரிதாக அறிவித்தால் சேமிப்பு எவ்வளவு, முதலில் சொன்னது யார் என்று சண்டை தொடங்கும். யோசனையை மற்றவரோடு பேசித் திருத்துவது நின்றுபோகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுக்கும் தாளை ஊக்குவியுங்கள்: சொன்னவர், ஃபிக்ஸ்ச்சர் செய்த ஃபிட்டர், அளந்து எழுதிய க்வாலிட்டி ஆள். மூவர் பெயரும் போர்டில் வரட்டும்.

மாதம் ஒரு முறை எல்லோரையும் உட்கார வைத்து ‘யோசனை சொல்லுங்கள்’ என்று கேட்கும் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் பிரபலப்படுத்திய முறை அது. 1958-லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வு, நாலு பேர் கூடிப் பேசியதைவிட அதே நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்துப் பார்த்தால் யோசனைகள் அதிகம் என்று காட்டியது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அதற்குள் நினைத்தது மறந்துபோகும். நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது: முதலாளி வாயைத் திறந்துவிட்டால் அதற்கு எதிராக ஹெல்பர் பேசுவாரா? கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்றால் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். கெட்டுப்போன பீஸை மேசை நடுவில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் தாளில் எழுதட்டும் அல்லது வரையட்டும். பிறகு வயதில் இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகச் சொல்லட்டும். முதலாளி கடைசியில் பேசட்டும்.

வட மாநிலத் தொழிலாளர்களை இதில் மறந்துவிடுகிறோம். பல பட்டறைகளில் மோல்டிங், ஃபெட்லிங் (வார்ப்பின் பிசிறு நீக்குதல்), பாலிஷிங் வேலைகள் இன்று பெருமளவு அவர்கள் கையில்தான் இருக்கின்றன. தூசியும் சூடும் முதுகுவலியும் அவர்களுக்குத்தான் தெரியும். படிவத்தை இந்தியிலும் அச்சிடுங்கள், அல்லது ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் பெண்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும். ரிஜெக்‌ஷன் எந்த மெஷினிலிருந்து, எந்த ஷிஃப்டில் வருகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

காப்புரிமை பற்றியும் தெளிவு தேவை. பட்டறை யோசனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடைக்காது, தேவையும் இல்லை. தெரிந்த கருவிகளை வெறுமனே மாற்றி அடுக்குவதைக் கண்டுபிடிப்பாகச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால் உண்மையிலேயே புதிய பொருள் ஒன்று உருவானால், கோவை கொடிசியா கண்காட்சி வளாகத்தில் ஸ்டால் போடுவதற்கு முன், வாடிக்கையாளருக்கு வீடியோ அனுப்புவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவெளியில் காட்டிவிட்டால் புதுமை போய்விட்டதாகக் கருதப்படும். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி என்றால் மட்டுமே 12 மாத அவகாசம் உண்டு. எல்லாம் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். தற்காலிக விவரக் குறிப்போடு தாக்கல் செய்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம். உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம் இணையவழி தாக்கல் செய்ய அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். முகவர் கட்டணம் தனி. 2024 திருத்தத்துக்குப் பிறகு பரிசோதனைக் கோரிக்கையை 31 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பழைய 48 மாதக் கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் யோசித்த தொழிலாளியின் பெயர் இருக்க வேண்டும். உரிமையை நிறுவனத்துக்கு மாற்றுவதானால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வாய்வார்த்தை பின்னால் இருவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தும்.

தொழிற்சங்கங்களுக்கும் மாவட்டத் தொழில் மையங்களுக்கும் ஒரு கோரிக்கை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் லீன் (உற்பத்தியில் வீணாவதைக் குறைக்கும்) திட்டத்தில் ஆலோசகர் செலவின் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. ஆனால் பயிற்சி முழுவதும் முதலாளிக்கும் மேனேஜருக்குமே போய்ச் சேருகிறது. சூப்பர்வைசர்களுக்கு, தமிழில், மெஷின் பக்கத்திலேயே இரண்டு நாள் பயிற்சி வேண்டும்: நேரம் அளப்பது எப்படி, சோதனையை எழுதுவது எப்படி, முடியாது என்று மரியாதையாகச் சொல்வது எப்படி. யோசனைத் திட்டம் தழைப்பதும் சாவதும் அந்த நாற்காலியில்தான்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் தொழில் பக்கத்தில் கால் பத்தி ஒதுக்கி, ஒரு பட்டறையில் நடந்த ஒரே ஒரு மாற்றத்தை முன்-பின் படங்களோடு, செலவு, பலன், யோசித்த தொழிலாளியின் பெயர் சகிதம், அவர் சம்மதத்தோடு வெளியிடுங்கள். தோற்ற சோதனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுந்தொழில் சங்கங்கள் விவரங்களைத் திரட்டிக் கொடுக்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
தொழிற்கூட மேம்பாட்டுப் பயிற்றுநர்,
கணபதி, கோயம்புத்தூர்.